முக்காட்டு மலையின் கடுதாசிக் கத்திகள்

முக்காட்டு மலையில் மூட்டத்தை முதன்முதலாகப் பிரித்தவர் பஸ் டிரைவர் சந்தியாகு. பிரித்தது, முதுகு சொறிவதற்காக வாங்கி வைத்திருந்த, கடுதாசி பிரிக்கிற ஒரு மரக்கத்தியால். ஐப்பசி மாதத்துக் காலையில் அடிவாரத்திலிருந்து ஏறி வந்த பஸ், குதிரைலாட வளைவில் வழக்கம்போல மூட்டத்துக்குள் மாட்டிக்கொண்டு, முன்னால் சாலை தெரியாமல் பின்னால் சாலை தெரியாமல், உள்ளே கோழிக்கூடையும் காய்கறி மூட்டையும் கைக்குழந்தைகளுமாக நின்றது நின்றபடி நிற்க, ஹாரன் அடித்து அலுத்துப்போன சந்தியாகு ஜன்னல் வழியாகக் கையை நீட்டி, வேறு வேலை இல்லாத மனுஷன் செய்கிற மாதிரி, அந்த மரக்கத்தியின் முனையை வெள்ளையில் குத்தி மேலிருந்து கீழே ஓர் இழு இழுத்தார். தபால் கவர் பிரிகிற மாதிரி மூட்டம் பிரிந்தது. மடல் இரண்டும் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமுமாக ஒதுங்க, நடுவில் ஈரத் தார்ச்சாலையும் மைல்கல்லும் மைல்கல்மேல் உட்கார்ந்திருந்த காகமும் துலக்கமாகத் தெரிந்தன. சந்தியாகு கத்தியைச் சட்டைப்பையில் செருகிக்கொண்டு கியரைப் போட்டு வண்டியை எடுத்தார்.

மேலே வந்து டீக்கடையில் அவர் இதைச் சொன்னபோது, பஸ்ஸுக்குப் புது டயர் மாட்டிய சேதியைக் கேட்கிற மாதிரிதான் ஊர் கேட்டது. பால் வாங்க வந்திருந்த முப்பிடாதி மட்டும் ஒரு கேள்வி கேட்டாள்.

"அப்பம் துணி காயுமா?"

அதற்குப் பிறகுதான் ஊர் நிமிர்ந்து உட்கார்ந்தது. புரட்டாசியில் வெள்ளை முக்காட்டைத் தலைக்குமேல் இழுத்துப் போர்த்தால் மாசி கடைசியில்தான் எடுக்கும் மலை அது. அந்த மாதங்களில் துவைத்த துணி காயாது, அப்பளம் நமத்துப்போகும், தீப்பெட்டி பற்றாது, எதிர்வீட்டுக்காரி திட்டினாலும் யாரைத் திட்டுகிறாள் என்று தெரியாது. காலங்காலமாக அப்படியே இருந்து பழகிவிட்ட ஊருக்கு, கேள்வி கேட்க ஒருத்தி தேவைப்பட்டாள்.

அந்த முப்பிடாதியின் தம்பிதான் தவசி. கத்தியைக் கடைந்தவன் அவன். சின்ன வயதிலேயே புருஷனைப் பறிகொடுத்துவிட்டுத் தம்பி வீட்டுக்கு வந்தவள் அக்கா. நாற்பது தாண்டியும் கல்யாணம் ஆகாதவன் தம்பி. பேர் வைத்த நேரம் அப்படி என்று ஊர் கேலி பேசும். வீட்டு முன்கட்டில் கடைசல் பட்டறை. மஞ்சக்கடம்பு மரத்தில் அவன் பிள்ளைகள் விளையாடுகிற செப்புச் சாமானும் பூரிக்கட்டையும் பம்பரமும் கடைய, காட்சிமுனையில் கடை விரித்து அக்கா விற்பாள். மலை உச்சி விடுதிக்காரர்கள் ஒரு சமயம், அறைக்கு ஒன்றாக எழுதுமேசை போட்டிருக்கிறோம், மேசைக்கு ஒன்றாகக் கடிதம் பிரிக்கிற கத்தி வேண்டும் என்று கேட்டார்கள். கடிதம் வருவது நின்றுபோன காலத்தில் இது என்ன கோட்டி என்று சிரித்துக்கொண்டேதான் கடைந்தான். ஆனால் மிச்சத்தைக் கடையில் வைத்தால் செப்புச் சாமானைவிட அதுதான் ஓடியது. வெண்ணெய் தடவ ஒருவர், புத்தகத்தில் அடையாளம் வைக்க ஒருவர், முதுகு சொறிய சந்தியாகு. கடுதாசி பிரிக்க வாங்கியவர் யாரும் இல்லை.

அதைக் கடைவதில் தவசிக்கு ஒரு முறை இருந்தது. இரண்டு மரத்துண்டை நடுவில் ஒரு தாளை வைத்து வச்சிரப் பசையால் ஒட்டி, ஒரே மரமாக்கிப் பட்டறையில் ஏற்றி, பிடியைக் குடைந்து, உடலை இழைத்து, நுனியைக் கூராக்கி, இறக்கியபின் தாள் இருக்கிற இடத்தில் உளியை வைத்து ஒரு தட்டுத் தட்டுவான். தாள் இரண்டு பக்கமாகக் கிழிய, ஒரு மரம் இரண்டு கத்தியாகப் பிளக்கும். ஒவ்வொன்றுக்கும் ஒரு பக்கம் வயிறு, ஒரு பக்கம் தட்டை. ஒரே பிரசவத்தில் இரட்டைப் பிள்ளை. வழக்கமாக நடுவில் வைப்பது செய்தித்தாள். அந்த வருஷம் மூட்டம் சீக்கிரமே இறங்கி செய்தித்தாள் எல்லாம் நமத்துப் போனதால், பரணில் பிளாஸ்டிக் பையில் கட்டிக் கிடந்த ஒரு காகிதக் கட்டை எடுத்துப் பிரித்தான். மொரமொரவென்று, மஞ்சள் தடவிய மூலையும் சிவப்பு எழுத்துமாக, பசை பிடிப்பதற்கென்றே அடித்த மாதிரி இருந்த அந்தத் தாள், நின்றுபோன அவனுடைய கல்யாணத்தின் பத்திரிகை.

அந்தத் தாள் பிளந்தபோது எழுத்துப் பக்கம் ஒரு கத்தியோடும் வெற்றுப் பக்கம் மற்றதோடும் போயிற்று. எழுத்துப் பக்கம் ஒட்டிய கத்தி, எவ்வளவு தேய்த்தாலும் சிவப்பு ஊறி நின்றது. மற்றது வெள்ளையாக இருந்தது. சிவப்புக் கத்திதான் மூட்டத்தைப் பிரிக்கிறது என்று ஊர் ஒரு வாரத்தில் கண்டுபிடித்து, அதற்குக் குங்குமக் கத்தி என்று பேரும் வைத்தது. வெள்ளையை இழுத்தால் ஒன்றும் ஆகவில்லை. நெற்றி காலியாக நிற்கிற மாதிரி இருக்கிறது, வீட்டுக்குள் வைத்தால் விளங்காது என்று அதற்கு மூளிக் கத்தி என்று பேராயிற்று. அந்தப் பேரைச் சொல்லும்போது முப்பிடாதி பக்கத்தில் நிற்கிறாளா என்று யாரும் பார்த்ததில்லை. அவளும் காதில் விழாத மாதிரி, வெள்ளைக் கத்திகளை எல்லாம் கூடையில் கட்டி, அடிவாரத்து பஸ் ஸ்டாண்டில் வளையல் கடை வைத்திருப்பதாகச் சந்தியாகு சொன்ன ஒரு பெண்ணுக்கு அவர் மூலமே கொடுத்தனுப்பிவிட்டாள்.

ஊர் மூட்டத்தைப் பிரிக்கத் தொடங்கியது. விடிந்ததும் வாசல் தெளிக்கிற பெண்கள் கோலத்துக்கு முன்னால் ஒரு கீறல் கீறி வெயிலை உள்ளே விட்டார்கள். கொல்லையில் கொடிக்கு மேலே நீளமாக ஒன்று கீறித் துணி காயப் போட்டார்கள். வடாம் பிழிகிறவர்கள் வட்டமாகக் கீறினார்கள், வயசாளிகள் கால் நீட்டிக் குளிர்காய முழங்கால் அகலத்துக்குக் கீறினார்கள். கோவில் கொடைத் திருவிழாவுக்குக் கோபுரம் தெரியட்டும் என்று நான்கு பேர் ஏணி போட்டு ஏறிப் பெரிதாகவே கீறினார்கள். போட்டோ ஸ்டுடியோக்காரர் வெளிச்சத்துக்குத் தகுந்த மாதிரி சாய்த்துக் கீறக் கற்றுக்கொண்டார். மூட்டத்தை நம்பிக் காதலித்துக்கொண்டிருந்த இரண்டு ஜோடிகள் ஒரே நாளில் அகப்பட்டு, ஒரே முகூர்த்தத்தில் மாலை மாற்றிக்கொண்டன. உன் வீட்டுக் கீறல் என் வீட்டு வெற்றிலைக் கொடியைக் கருக்குகிறது என்று சண்டை வந்தபோது, அவரவர் கூரை அகலத்துக்குத்தான் அவரவர் கீறலாம் என்று பஞ்சாயத்தில் தீர்மானம் போட்டார்கள். கல்யாணச் சீரில் குத்துவிளக்குக்குப் பக்கத்தில் ஒரு குங்குமக் கத்தியும் ஏறிக்கொண்டது. இது எப்படி நடக்கிறது என்று கேட்க ஊரில் ஒருவருக்கும் நேரம் இருக்கவில்லை.

எப்படி என்று தவசிக்குத் தெரியும். செய்தித்தாள் வைத்துக் கடைந்த பழைய கத்திகள் மூட்டத்தில் பட்டு வெறுமனே ஈரமாகித் திரும்பியபோதே அவனுக்குப் புரிந்துவிட்டது. பத்துப் பன்னிரண்டு வருஷத்துக்கு முன்னால் இதே மாதிரி ஓர் ஐப்பசியில், பெண் வீட்டார் பஸ் இதே குதிரைலாட வளைவில் மூட்டத்தில் மாட்டி நின்று, முகூர்த்த நேரம் கடந்து, சகுனம் சரியில்லை என்று வந்த வழியே திரும்பிப் போனது. பெண்ணின் பேர் ஆவுடைத்தாய். அவர்கள் முதலில் வரட்டும் என்று இவர்களும், இவர்கள் முதலில் வரட்டும் என்று அவர்களும் இருந்து இருந்து, கடைசியில் இரண்டு வீட்டிலும் அந்தப் பேச்சே ஓய்ந்துபோயிற்று. மூட்டம்தான் தன் வாழ்க்கையைக் கெடுத்தது என்று தவசி அன்றைக்கு முடிவு கட்டினான். இப்போது ஊரெங்கும் அது கிழிபடக் கிழிபட அவனுக்கு மனசு குளிர்ந்தது. பழி வாங்குகிற சந்தோஷம்தான், வேறு பேர் சொல்ல முடியாது. பரணிலிருந்து எடுத்த பத்திரிகை தீரும்வரை இரவு பகலாகக் கடைந்தான்.

பிரித்த மூட்டம் திரும்பச் சேராது என்பதை யாரும் கவனிக்கவில்லை. கீறல் கீறலாகவே நின்று, அதன் வழியே மூட்டம் கசிந்து கசிந்து பள்ளத்தாக்குப் பக்கம் போய்க்கொண்டிருந்தது. தை பிறந்தபோது மலை மொட்டைத் தலையோடு நின்றது. மரங்களில் பாசி காய்ந்து உதிர்ந்தது. மூட்டம் இலையில் ஒட்டி, இலையிலிருந்து சொட்டி, வேருக்குள் இறங்கித்தான் கன்னிமார் ஊற்று சுரக்கும், ஊருக்கே அந்த ஒரு ஊற்றுதான் என்பது, ஊற்று நூலாக இளைத்து ஒரு நாள் அறுந்தபோதுதான் எல்லாருக்கும் நினைவுக்கு வந்தது. குடங்கள் வரிசையில் நின்றன. விடுதிக்காரர்கள் மூட்டம் பார்க்க வந்தவர்களுக்கு வெயிலைக் காட்டிச் சமாளித்துப் பார்த்துவிட்டுக் கதவைப் பூட்டினார்கள். கொத்தமல்லி விலையைப் பேசுகிற மாதிரி எல்லாரும் தவசியைப் பேசத் தொடங்கினார்கள்.

"ஆக்குனவன்தான் அடைக்கவும் வழி சொல்லணும்" என்று பஞ்சாயத்துத் தலைவர் வாசலில் வந்து நின்று சொல்லிவிட்டுப் போனார்.

அன்றைக்கு முப்பிடாதி பரணில் ஏதோ தேடப் போய், காலிப் பையோடு இறங்கி வந்தாள். தம்பி முன்னால் அந்தப் பையைப் போட்டாள்.

"ஏல, கல்யாணப் பத்திரிகையவா நடுவுல வச்சு ஒட்டுன?"

தவசி கையிலிருந்த உளியைக் கீழே வைத்தான்.

"ஒட்டுனதோட விட்டியா? பொளந்து, ஒண்ண மேல வச்சு ஒண்ணக் கீழ அனுப்பி... நானும்லா கூடையக் கட்டிக் குடுத்தேன். மூட்டம் எப்பிடிலே சேரும்?"

அழுதாள். அழுதுகொண்டே அடுப்பங்கரைக்குப் போனாள், ஏனென்றால் இட்லி வெந்திருந்தது. நுனி மழுங்கிப்போனதால் விற்காத ஒரு மூளிக் கத்தியை இட்லி எடுக்க வைத்திருந்தாள். இட்லிகளைக் கிளப்பித் தட்டில் போட்டுவிட்டு, கத்தியைக் கழுவத் தண்ணீர் இல்லாததால் கொல்லைக்குப் போய், ஒட்டியிருந்த மாவு காயட்டும் என்று காற்றில் இப்படியும் அப்படியுமாக வீசினாள். கொடிக்கு மேலே, அவள் துணிக்கென்று கீறிய கீறலின் ஓரத்தில் கொஞ்சம் மூட்டம் நைந்து தொங்கிக்கொண்டிருந்தது. கத்தியின் தட்டைப் பக்கம் அதன்மேல் பட்டதும், கவரின் வாயை ஒட்டின மாதிரி இரண்டு மடலும் சேர்ந்துகொண்டன. முப்பிடாதி இன்னொரு தரம் தடவினாள். இன்னும் ஒரு சாண் மூடியது. அவள் முகத்தில் ஈரம் பட்டது.

"மூளின்னு ஒதுக்குனதுதாம்லே சேக்குது" என்றாள், வாசற்படியில் வந்து நின்ற தம்பியிடம். "போய் அதுகளக் கேட்டு வாங்கிட்டு வா."

சந்தியாகு கடலோரத்துக்காரர், மலைக்கு மாற்றலாகி வந்து கொஞ்ச காலம்தான். ஊரின் பழைய கதை அவருக்குத் தெரியாது. அடிவாரத்தில் தவசியை இறக்கிவிட்டு, "அந்தா தெரியுதுல்லா அண்ணாச்சி, நீலப் பலகை, அந்தக் கடைதான்" என்று காட்டிவிட்டு டீ குடிக்கப் போனார். தவசி வெயிலில் கண்ணைச் சுருக்கிக்கொண்டு கடை முன்னால் போய் நின்றான். உள்ளே ரிப்பனும் வளையலும் தொங்க, நடுவில் ஸ்டூலில் உட்கார்ந்திருந்தவள் ஆவுடைத்தாய். காதோரம் நரைத்திருந்தது. கழுத்தில் ஒரு மெல்லிய சங்கிலி தவிர வேறு ஒன்றும் இல்லை என்பதை அவன் பார்த்தான், பார்த்ததற்காக வெட்கப்பட்டான்.

"வாங்க" என்றாள் அவள். "கத்திக்குத்தான வந்திய?"

"இருக்கா?"

"அம்புட்டும் இருக்கு. ஒண்ணுகூட விக்கல."

"ஏன்?"

அவள் கூடையிலிருந்து ஒன்றை எடுத்துத் தட்டைப் பக்கத்தைத் திருப்பிக் காட்டினாள். "பாத்தாலே தெரியுதுல்லா, இதுக்கு இன்னொண்ணு எங்கயோ இருக்குன்னு. ஜோடியப் பிரிச்ச சாமான எப்பிடி விக்க? கடஞ்சது யாருன்னு டிரைவர் பேரு சொன்னாரு. எப்பிடியும் தேடி வருவியன்னு எடுத்து வச்சேன்."

தவசி அந்தத் தட்டைப் பக்கத்தையே பார்த்தான். பல வருஷமாக மூட்டத்திடம் மட்டுமே சொல்லிவந்த வாக்கியத்தை முதல்முறையாக ஒரு மனுஷியிடம் சொன்னான்.

"அன்னைக்கு மட்டும் மூட்டம் எறங்காம இருந்திருந்தா..."

"மூட்டத்த ஏன் வையுதிய?" என்றாள் ஆவுடை. குரல் ஏறவும் இல்லை, இறங்கவும் இல்லை. "பஸ்ஸுதான் நின்னுச்சு. நான் நிக்கல. எறங்கி நடந்துட்டேன். பட்டுச்சேலையத் தூக்கிச் செருகிக்கிட்டு, மேளச் சத்தத்தப் புடிச்சே வந்தேன். உங்க பந்தல் வாசல்வர வந்தேன். கைய நீட்டுனா தொட்டுரலாம், ஆனா ஒரு முகமும் தெரியல. உங்க சத்தம் மட்டும் கேட்டுச்சு."

அவள் அதற்கு மேல் சொல்ல வேண்டியிருக்கவில்லை. தவசிக்கு அந்த நாள் அப்படியே திரும்பி வந்தது: நேரம் ஆக ஆக உறவுக்காரர்கள் வாய்க்குள் சிரித்ததும், பொண்ணு மனசு மாறிட்டாளோ மருமகனே என்று தாய்மாமன் தோளைத் தட்டியதும், வெட்கம் பிடுங்கித் தின்ன, வீம்புக்காக, நாலு பேர் கேட்கட்டும் என்றே அவன் உரக்கச் சொன்னதும். வந்தா வரட்டும், வராட்டா போகட்டும் மாமா. பொண்ணுக்கா பஞ்சம்? அதை அவன் அடுத்த நிமிஷமே மறந்துபோனான். மூட்டத்தில் முகம் மறையும், பேச்சு மறையாது என்று மலையில் பிறந்தவனுக்குத் தெரியாமலா இருக்கும். ஆனாலும் அத்தனை வருஷமும் மூட்டத்தையே திட்டியிருக்கிறான், ஊரைக் கொண்டே கிழிக்க வைத்திருக்கிறான், அது பாவம், ஒன்றுமே செய்யவில்லை.

"திரும்பிப் போயி, நேரம் தப்பிருச்சு, வண்டியத் திருப்புங்கன்னு நான்தான் சொன்னேன்" என்றாள் ஆவுடை.

"ஊருக்குத் தண்ணியில்ல" என்றான் தவசி.

"ஊருக்குத்தான குடுக்கப் போறேன். ஆனா உங்க கையில தர மாட்டேன். வெள்ளிக்கிழம மொத பஸ்ஸுக்கு நானே வாறேன். மூடிக்கிட்டே வாறேன். அன்னைக்கு எங்க நின்னு திரும்புனேனோ அதுவரைக்கும் வருவேன். அதுக்கு மேல உங்க பாடு."

வெள்ளிக்கிழமை ஆவுடை கூடையை இடுப்பில் வைத்துக்கொண்டு குதிரைலாட வளைவிலேயே இறங்கினாள். பள்ளத்தாக்கில் அடைந்து கிடந்த மூட்டம், தெரிந்தவள் வந்திருக்கிறாள் என்கிற மாதிரி, அவள் பின்னாலேயே மெல்ல ஏறியது. சந்தியாகு கீறிய முதல் கீறலில் வெள்ளைக் கத்தியின் தட்டைப் பக்கத்தை வைத்து, குழந்தையின் நெற்றியைத் தடவுகிற மாதிரி மேலிருந்து கீழே ஒரு தடவு தடவினாள். மூடியது. அதற்கடுத்தது, அதற்கடுத்தது என்று சாலையோரத்துக் கீறல், பள்ளிக்கூடத்துக் கீறல், ஏணி போட்டுக் கீறிய கோபுரத்துக் கீறல், வடாம் வட்டம், கொடி நீளம், முழங்கால் அகலம் எல்லாவற்றையும் மூடிக்கொண்டே அவள் ஏற ஏற, ஈரம் ஊறி ஒரு கத்தி கனத்துப்போனால் அதை அந்த வீட்டு வாசலிலேயே வைத்துவிட்டு அடுத்ததை எடுத்துக்கொண்டாள். மூளி என்று சொன்னவர்கள் இரண்டு கையாலும் அதை எடுத்து உள்ளே கொண்டுபோனார்கள். பெண்கள் பேசாமல் கொடியிலிருந்து துணியை எடுத்தார்கள். வயசாளிகள் காலை மடக்கிக்கொண்டார்கள். கடைசியாக மிஞ்சிய வெயில் டீக்கடைக் கண்ணாடிக் குவளையில் கொஞ்சம் நின்று அணைந்தது.

தவசியின் வாசலில் ஊரே கூடி நின்றது, ஆனால் ஒருவருக்கும் ஒருவர் தெரியவில்லை. இலைகளிலிருந்து சொட்டுகிற சத்தம் தொடங்கியிருந்தது. வளையல் சத்தம் கிட்டே வந்தது. பந்தல் போட்டிருந்த இடத்துக்கு நேராக வந்ததும் நின்றது.

சந்தியாகு தன்னுடைய குங்குமக் கத்தியைத் தவசியின் கையில் திணித்தார்.

"அண்ணாச்சி, ஒரேயொரு கிழி. ஆளு நிக்காவளா போயிட்டாவளான்னு பாத்துருவோம்."

தவசி கத்தியைப் பிடித்தான். ஒரு இழுப்பில் தெரிந்துவிடும். அவள் முகம் எப்படி இருக்கிறது என்று பார்த்துவிட்டு, அதற்குத் தகுந்த மாதிரி பேசலாம். அதுதான் அவனுக்குப் பயமாக இருந்தது. அவளுக்கு அன்றைக்கு முகம் பார்க்கிற அந்த வசதி இருக்கவில்லை. கத்தியைச் சந்தியாகுவிடமே திருப்பிக் கொடுத்துவிட்டு, உள்ளங்கை வியர்வையை வேட்டியில் துடைத்துக்கொண்டு, நாலு பேர் என்ன, நாற்பது பேர் கேட்கட்டும் என்று உரக்கச் சொன்னான்.

"ஆவுடை, நான் இங்கதான் நிக்கேன். வா. வராட்டா நான் வாறேன்."

வளையல் அசையவில்லை. முப்பிடாதி இருட்டுக்குள் எண்ணெய் தேடுகிறவள் மாதிரி கைகளால் துழாவி அக்கம்பக்கத்தாரைத் தொட்டுத் தொட்டு, "போங்க, எல்லாரும் வீட்டுக்குப் போங்க, மூட்டத்துல எல்லாம் கேக்கும்" என்று தள்ளிக்கொண்டிருந்தாள். தவசி செருப்பைக் கழற்றிவிட்டு இறங்கினான். இரண்டு எட்டில் அவன் கையே அவனுக்குத் தெரியவில்லை. சொன்னபடி போய்க்கொண்டே இருந்தான். நீட்டிய விரலில் முதலில் மரம் பட்டது, தான் இழைத்த மரம், நனைந்து ஊறிய பிடி. அதைப் பற்றியிருந்த விரல்கள் பிறகு பட்டன. அவை விலகவில்லை.

"இப்பம் கேட்டுச்சு" என்றாள் ஆவுடை.